சிக்கனம் கற்பிக்க வந்தவருக்கு

புத்தளம் கரையோர மக்கள் ஏழைகளாக இருப்பதற்குக் காரணம் அவர்களுடைய தேத்தண்ணிக் கோப்பை என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். குறைந்த செலவில் நிறைவாக வாழ்ந்தபடியே சொந்த வருமானத்தை உண்டாக்குவது எப்படி என்று அவர் எழுதிய நீண்ட கட்டுரை கைக்குக் கை மாறி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. முதல் வாசிப்பில் சிரிப்பு வந்தது. இரண்டாம் வாசிப்பில் அதுவும் போய்விட்டது.

அவர் சொல்வதன் சாரம் இது: காசு சில்லறைச் செலவில் ஒழுகுகிறது. ஒழுக்கை அடைத்தால் மிச்சம் பிடிக்கலாம். மிச்சத்தோடு கொஞ்சம் 'நல்ல கடன்' சேர்த்தால் சொந்தத் தொழில் தொடங்கலாம், பிறகு எவர் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இடையில் சொந்தக்காரருக்குக் கொடுப்பதையும், கோயில் பள்ளிவாசல் என்று இறைப்பதையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சாட்சியாக, 1990இல் வெறுங்கையோடு வந்து புத்தளத்தில் காலூன்றிய வடக்கு முஸ்லிம்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்தச் சாட்சியை மட்டும் அவர் கூப்பிடாமல் இருந்திருக்கலாம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அவருடைய பெயரை எழுதவில்லை. இதே பேச்சை மண்டபம் எடுத்து, நுழைவுக் கட்டணமும் வாங்கிப் பேசுகிறவர்கள் பலர் இருக்கும்போது எழுதியவரை மட்டும் பிடித்துக்கொள்வது நியாயமில்லை.

முதலில் தேத்தண்ணிக் கணக்கு. கடலுக்குப் போகிறவன் ஒருநாளைக்கு இரண்டு பிளேன்டி குடிக்கிறான், அதை நிறுத்தினால் வருடத்தில் இவ்வளவு சேரும் என்று பெருக்கிக் காட்டுகிறார். பெருக்கலில் பிழை இல்லை. பெருக்கத் தெரிந்தவர் இன்னொரு கணக்கையும் பெருக்கிப் பார்த்திருக்கலாம். 2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவோடு மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கரையோரத்து ஃபைபர் போட்டுகளின் இஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. ஒரு ஓட்டத்துக்கு 30 லீற்றர் என்று வைத்துக்கொண்டால் முதல்நாள் 2,610 ரூபாவாக இருந்த செலவு மறுநாள் 10,200 ரூபா. ஒரே இரவில் ஏறியது 7,590 ரூபா. பிளேன்டி கோப்பை 50 ரூபா என்றே போடுவோம். ஒரு தடவை கடலுக்குப் போய்வந்த கூடுதல் செலவை ஈடுகட்ட 152 பிளேன்டியைத் துறக்க வேண்டும். மாதத்தில் இருபது நாள் கடலுக்குப் போனால் மூவாயிரத்துச் சொச்சம் கோப்பை. அவ்வளவு தேத்தண்ணி குடிக்கிற மனிதன் எங்கள் கரையில் இல்லை.

அந்த விலைக்கு முன்பு சில மாதங்கள் மண்ணெண்ணெயே கிடைக்கவில்லை என்பதையும், கலன்களை வரிசையில் வைத்துவிட்டு இரவெல்லாம் காவல் கிடந்ததையும் அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். விலை பின்பு இறங்கியது உண்மைதான். ஆனால் 87க்குத் திரும்பவில்லை. அடுத்த மாதம், 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலையேற்றம் 94.9 வீதம். அதாவது சோற்றுச் செலவு ஒரு வருடத்தில் ஏறக்குறைய இரட்டித்தது. அந்த வருடத்தில் எந்தச் சில்லறைச் செலவை எந்த வீடு விட்டுவைத்திருந்தது என்று இவர் ஒழுக்கை அடைக்கச் சொல்கிறார்? மீன் விற்கிற வீட்டில் தலையும் முள்ளும் குழம்பாகும். தேங்காய் உரித்த பொச்சுமட்டை அடுப்புக்குப் போகும், ஓலை கிடுகாகும். காய்ந்த கருவாட்டில் நல்லது சந்தைக்கு, உடைந்தது சட்டிக்கு. இதையெல்லாம் ஒரு பேச்சாளர் வந்து 'வாழ்க்கை முறை' என்று பெயர் வைத்துச் சொல்லும்வரை யாரும் காத்திருக்கவில்லை. உப்பளங்களால் பெயர்பெற்ற புத்தளத்தில் 2025இல் இந்திய உப்பு வாங்கிச் சமைத்தார்களே, அது யாருடைய ஊதாரித்தனம்? மழை பெய்து விளைச்சல் கெட்டது. மழைக்கு யாரும் சிக்கன வகுப்பு எடுக்க முடியாது.

அடுத்தது 'சொந்த வருமானம்'. மாதச் சம்பளத்துக்கு வெளியே, தன் முயற்சியாலும் துணிவாலும் உண்டாக்குவது என்று வரைவிலக்கணம் தருகிறார். நல்லது. இதைக் கையில் வைத்துக்கொண்டு உடப்பிலிருந்து முந்தல், நரக்கல்லி, நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை வழியாகக் கண்டக்குழி வரை அவர் ஒருமுறை போய்வரட்டும். மாதம் பிறந்தால் சம்பளம் என்று இருப்பவர்கள் ஆசிரியர்கள், அரசாங்க உத்தியோகத்தர்கள், அனல்மின் நிலையத்தில் வேலை கிடைத்த சிலர். மற்ற எல்லோரும் அவர் பாஷையில் தொழில்முனைவோர்தான். வள்ளக்காரன், கரைவலைச் சம்மாட்டி, கருவாடு காயவைக்கிற பெண், வெங்காயம் போடுகிற கமக்காரன், கிடுகு பின்னுகிற கிழவி, த்ரீவீல் ஓட்டுகிற பெடியன். நாட்டில் சொந்த வருமானத்துக்குப் பஞ்சமில்லாத கரை இது. அந்த மருந்தைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவிட்டு நோயோடு இருக்கிறவர்களுக்கு அதையே இன்னொரு போத்தல் எழுதிக் கொடுக்கிறார் வைத்தியர்.

நோய் எங்கே என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. நான் சொல்கிறேன். போட்டும் இஞ்சினும் வலையும் வாங்க முதல் வேண்டும். வங்கி பிணை கேட்கும். மீன் வியாபாரி பிணை கேட்க மாட்டார், முற்பணம் தருவார். பதிலுக்குப் பிடிக்கிற மீன் எல்லாம் அவருடைய கூலர் லொறிக்கே போக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். கடனைக் கட்டி முடிப்பதைப் பற்றி அவருக்கு ஒரு அவசரமும் இல்லை, ஏனென்றால் அவருக்கு வேண்டியது காசு அல்ல, மீன். கடன் நிற்கும்வரை மீன் வரும். இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிற மீனவன் தேத்தண்ணியைக் குறைத்து, பீடியைக் குறைத்து, இருநூறு முந்நூறு மிச்சம் பிடிக்கிறான் என்றே வையுங்கள். கிலோவுக்கு ஐம்பது ரூபா குறைத்து எடுத்தால் அந்த மிச்சம் லொறியில் ஏறிப் போய்விடும். இதை வியாபாரியின் கொடுமை என்றும் சொல்லிவிட முடியாது. கடல் மூர்க்கமாக இருக்கும் மாதங்களில் அரிசிக்குக் காசு தருகிறவரும் அவர்தான். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை மேற்குக் கரையில் தொழில் அரைகுறை. சிலர் வலையைக் கட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய் வாடி போடுவார்கள். போகாதவர்கள் கடன் கொப்பியில் வாழ்வார்கள். நிலையான வருமானத்துக்கு வழி சொல்லும் ஒரு கட்டுரையில் பருவக்காற்று என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் கொரோனா பரவி, சந்தையை மூடினார்கள். ஏறக்குறைய நூறு மைல் தள்ளியிருக்கிற கற்பிட்டியில் பிடித்த மீனுக்கு விலை இல்லாமல் போயிற்று. சனங்கள் மீன் சாப்பிடவே பயந்தார்கள். அந்த நவம்பரில் முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலீப் வெதஆராச்சி ஊடகவியலாளர்களைக் கூப்பிட்டு, கமராவுக்கு முன்னால் முழு மீனைப் பச்சையாகக் கடித்துக் காட்டினார். கட்டுரையாளர் சொல்கிற 'மனநிலை மாற்றம்' எங்கேயாவது தேவைப்பட்டது என்றால் அன்று கொழும்பில் மீன் வாங்குகிறவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. பச்சை மீனைக் கடிக்க வேண்டிய அளவுக்கு.

துணிவு இல்லாதவர்கள் என்று எங்கள் ஆட்களைச் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இறால் என்ற ஒரு சொல்லை அவருக்கு ஞாபகப்படுத்துகிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முற்பாதியிலும் சிலாபம் தொடங்கிப் புத்தளம் களப்பு வரை இறால் பண்ணை வெட்டாத ஆளைப் பார்ப்பது அரிது. கண்டல் காட்டை அழித்தார்கள், தென்னந்தோப்பை வெட்டிக் குளமாக்கினார்கள், நகையை அடகு வைத்தார்கள், காணி உறுதியை வைத்தார்கள். ஜப்பானுக்கு ஏற்றுமதி, கையில் கட்டுக்கட்டாகக் காசு. இவருடைய கட்டுரையில் இருக்கும் அத்தனை அறிவுரைகளையும் இவர் எழுதுவதற்கு முன்பே நிறைவேற்றிய மாவட்டம் இது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. நோய் கண்ட குளத்தில் சில நாட்களுக்குள் இறால் எல்லாம் செத்து மிதக்கும். ஒரு பண்ணையில் வந்ததா, அவன் கழிவு நீரைத் திறந்து விடுவான், அது ஒல்லாந்தர் கால்வாயிலும் களப்பிலும் கலக்கும். அடுத்த பண்ணைக்காரன் அதே தண்ணீரைத்தான் மோட்டர் வைத்து இழுப்பான். அவன் எவ்வளவு சிக்கனமானவன், எவ்வளவு நேரத்தோடு எழும்புகிறவன் என்று வைரஸ் விசாரித்துப் பார்க்கவில்லை.

அந்தத் தொழில் பிறகு எப்படி உயிர்பிழைத்தது என்பது கட்டுரையாளருக்குப் பிடிக்காத கதை. எல்லோரும் ஒரே நேரத்தில் குளத்தில் நீர் ஏற்றக் கூடாது என்று களப்பையும் கால்வாயையும் வலயங்களாகப் பிரித்தார்கள். இந்த வலயம் இந்த மாதம், அந்த வலயம் அடுத்த மாதம் என்று பயிர் நாட்காட்டி போட்டார்கள். பண்ணைக்காரர் சங்கங்களும் நக்டா என்ற நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையும் சேர்ந்து செய்த வேலை அது. குஞ்சு இறால் விடுவதற்கு முன் நோய்ப் பரிசோதனை. முறை வராதவன் குளத்தைக் காயப்போட்டுக்கொண்டு இருக்க வேண்டும், கையில் காசு இருந்தாலும். 'உன் வருமானம் உன் கையில்' என்பது அவருடைய கட்டுரையின் உபதலைப்பு. இறால் பண்ணைக்காரன் ஒருவனிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும், உன் வருமானம் மேல்பக்கத்துப் பண்ணைக்காரன் திறந்து விடுகிற மடையில் இருக்கிறது என்று அவன் திருத்திச் சொல்வான்.

கமக்காரர் கதையும் இதற்குத் தூரமில்லை. கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலில் வெங்காயமும் மிளகாயும் போடுகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரையும் பசளையையும் நம்பியிருக்கிறார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்து, நவம்பரில் திரும்ப விட்டார்கள். இடையில் நாசமான போகத்துக்கு எந்த வரவுசெலவுக் கொப்பியில் இடம் ஒதுக்கி வைப்பது?

இனி 'நல்ல கடன்'. இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ரொபர்ட் கியோசாகி 1997இல் வெளியிட்ட நூல் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' என்று தமிழிலும் நன்றாக விற்றது. கட்டுரையாளர் அதன் பெயரைச் சொல்லாமல் பாதிக் கட்டுரையை அதிலிருந்து இறக்கியிருக்கிறார். சொத்து என்பது பணம் கொண்டுவருவது, கடன் என்பது பணக்காரரின் ஆயுதம், சம்பளம் என்பது எலிப்பொறி. சரி. கியோசாகிக்குக் கடன் கழுத்தை நெரித்தபோது என்ன செய்தார் என்பதையும் சேர்த்து இறக்கியிருக்க வேண்டும். அவருக்கு மேடை ஏற்பாடு செய்துகொடுத்த லேர்னிங் அனெக்ஸ் நிறுவனத்துக்கு ஏறக்குறைய இரண்டு கோடியே நாற்பது லட்சம் டொலர் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2012இல் அவருடைய ரிச் குளோபல் என்ற நிறுவனம் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. நிறுவனம்தான் வங்குரோத்தானது, அவர் அல்ல. அவருடைய சொந்தச் சொத்து அவரிடமே இருந்தது. கடன் அங்கே அப்படித்தான் ஆயுதமாகிறது.

இங்கே கடன் வேறு வடிவத்தில் வரும். கிழமை லோன் எடுக்கிற பெண்ணுக்கு மோட்டர்சைக்கிளில் வருகிற பெடியன் முற்றத்தில் நிற்பான். குழுவாகக் கையொப்பம் வைத்த பெண்களில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், கட்டும்வரை கூட்டம் கலையாது. நிறுவனத்தின் பெயரில் வங்குரோத்தாகிவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்கிற வசதி அவளுக்கு இல்லை. அந்தக் கடனின் உள்வேலையையும் பாருங்கள். வட்டியை எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை போடுகிறார்கள், முதல் தொகையில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் வட்டி குறையாது. அதனால் காகிதத்தில் எழுதியிருக்கும் வீதத்தைவிட உண்மை வீதம் ஏறக்குறைய இரட்டிப்பு. தவணை அடுத்த கிழமையே ஆரம்பம். வெங்காயம் கிண்ட இரண்டு மாதத்துக்கு மேலாகும். அந்த இரண்டு மாதமும் கிழமைக் காசை எங்கிருந்து கட்டுவாள்? இன்னொரு கம்பனியில் இன்னொரு லோன் எடுத்துத்தான். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது. மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு வருடத்துக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. கட்டுப்படுத்திய பிறகு 35 என்றால், கட்டுப்படுத்த முன் எவ்வளவு இருந்திருக்கும் என்பதைக் கட்டுரையாளர் தன் கணிப்பானில் போட்டுப் பார்க்கலாம்.

இது புத்தளத்துப் பெண்களின் கெட்டித்தனக் குறைவு என்று அவர் சொல்லக்கூடும். பொஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நுண்கடனின் விளைவைப் பொருளியலாளர்கள் கள ஆய்வு செய்து 2015இல் ஒன்றாக வெளியிட்டார்கள். ஹைதராபாத் ஆய்வைச் செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் பின்பு நோபல் பரிசு பெற்றவர்கள். கடன் சிலருக்குக் கைகொடுத்தது, ஆனால் வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றும் வருமானம் சராசரிக் குடும்பத்துக்கு எங்கும் வரவில்லை என்பதுதான் ஆறு இடத்திலும் கிடைத்த விடை. ஆறு நாட்டுச் சனங்களும் சேர்ந்து தேத்தண்ணி அதிகமாகக் குடித்திருப்பார்களோ என்னவோ.

அவர் சொன்னதில் சரியானதும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் சாராயத்துக்கும் கசிப்புக்கும் போகிற காசு பெரிய காசு. சீதனத்துக்கும் கலியாணச் சோற்றுக்கும் ஊர் பார்க்கக் கடன் படுகிறோம். லீசிங்கில் மோட்டர்சைக்கிள் எடுத்து, எண்ணெய் அடிக்கக் காசில்லாமல் நிறுத்தி வைக்கிறோம். வரவையும் செலவையும் கொப்பியில் எழுதச் சொன்னது நல்ல புத்தி. இவற்றோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

அவர் நிற்கவில்லை. நல்ல பழக்கத்தையும் கெட்ட பழக்கத்தையும் ஒரே பட்டியலில் போட்டு, சொந்தக்காரருக்குக் கைமாற்றுக் கொடுப்பதையும் கோயில் வரியையும் கந்தூரிச் சோற்றையும் கசிப்புக்குப் பக்கத்தில் எழுதுகிறார். தனக்கு விளங்காததையெல்லாம் வீண் செலவு என்று எழுதுகிற கணக்கப்பிள்ளை இவர்.

கரைவலை இழுத்து மடியைக் கரையில் போட்டதும், சும்மா வந்து ஒரு கை பிடித்த கிழவனுக்கும், புருசன் இல்லாத பெண்ணுக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கும் கறிக்கு மீன் கிடைக்கும். இவர் கணக்கில் அது இழப்பு. சம்மாட்டிக்குத் தெரியும், இன்று கறி மீன் வாங்கினவன் நாளைக்கு ஆள் குறைந்தால் கூப்பிடாமலே வந்து கயிற்றைப் பிடிப்பான் என்று. தானும் ஒருநாள் கிழவனாவான் என்றும் தெரியும். ஓய்வூதியம் இல்லாத தொழிலில் அந்தக் கறி மீன்தான் ஓய்வூதியம். பெண்கள் போடுகிற சீட்டைப் பற்றி, வட்டி வராத சேமிப்பு, முட்டாள்தனம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். பத்துப் பேர் மாதம் பத்தாயிரம் போட்டால் ஒருத்தி கையில் லட்சம் ரூபா வரும். யாருக்கு அவசரமோ, பிள்ளைக்கு ஆஸ்பத்திரி, கூரைக்கு ஓடு, அவளுக்கு முதல் சீட்டை விட்டுக்கொடுப்பார்கள். வட்டி இல்லை, மோட்டர்சைக்கிள் பெடியன் இல்லை. கிழமை லோனுக்கு முப்பத்தைந்து வீதம் கொடுக்கிறவளுக்கு எது முட்டாள்தனம் என்று நன்றாகவே தெரியும். உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதியும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவும் பணத்தை விழுங்குகின்றன என்கிறார். தலவிலவுக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் வருகிற கூட்டத்துக்குக் கருவாடும் கச்சானும் தேத்தண்ணியும் விற்கிறவர்கள் யார் என்று அவர் விசாரிக்கவில்லை. தேத்தண்ணியை வாங்குகிறவனைத்தான் அவர் பார்த்தார், விற்கிறவளை அல்ல. அவளும் சொந்த வருமானக்காரிதான்.

மாவட்டத்தின் தென்பக்கத்தில், வென்னப்புவ, மாரவில பக்கம், மாடி வீடுகளைக் காட்டி, முயற்சி செய்தவர்களைப் பாருங்கள் என்று இன்னொரு வரி. அந்தப் பகுதியைச் 'சின்ன இத்தாலி' என்று நாடே சொல்கிறது. இத்தாலியில் கிழவர்களைக் குளிப்பாட்டி, வீடுகளைக் கூட்டித் துடைத்து, மாதச் சம்பளம் வாங்கிக் கட்டிய வீடுகள் அவை. மாதச் சம்பளம் என்றால் எலிப்பொறி என்பவர், எலிப்பொறியில் சம்பாதித்துக் கட்டிய மாளிகையைத் தன் பக்கத்துச் சாட்சியாகக் காட்டுகிறார். எங்கள் பக்கத்துப் பெண்கள் குவைத்திலும் சவூதியிலும் செய்வதும் அதே வேலைதான், கிடைக்கும் சம்பளம்தான் குறைவு.

இப்போது அந்தக் கடைசிச் சாட்சிக்கு வருவோம்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணிநேரம். வீடு, கடை, காணி உறுதி, நகை எல்லாம் போயிற்று. மன்னார்த் தீவிலிருந்து படகுகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள், மற்றவர்கள் தரை வழியாக வந்தார்கள். ஆகப் பெரிய பகுதியினர் இந்த மாவட்டத்திலேயே தங்கினார்கள். இன்று அவர்களுக்குள் கடைக்காரர் உண்டு, ஆசிரியர் உண்டு, வைத்தியர் உண்டு. கட்டுரையாளர் இதைத் தன் தத்துவத்தின் வெற்றியாக எழுதுகிறார். ஒரு சதம் இல்லாமல் வந்தவர்கள் யாருடைய தயவும் இல்லாமல், சிக்கனத்தாலும் சொந்த முயற்சியாலும் எழுந்து நின்றார்களாம். அப்படியானால் இங்கேயே பிறந்தவர்களுக்கு என்ன கேடு என்பது அதற்குள் மறைந்திருக்கிற கேள்வி.

யாருடைய தயவும் இல்லாமல் என்பது பொய். படகு கற்பிட்டியில் தட்டியபோது கரையில் ஆட்கள் நின்றார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன, ஊர் வீடுகளில் சோறு ஆக்கிக் கொண்டுவந்தார்கள். தென்னந்தோட்டக்காரர்கள் தங்கள் காணிக்குள் கொட்டில் போட இடம் விட்டார்கள். கட்டுரையாளர் இறைப்பு என்று எழுதின அதே கந்தூரிக் கை, அதே பள்ளிவாசல் காசு. அரசாங்கம் வருடக்கணக்காக உலர் உணவு நிவாரணம் கொடுத்தது. பிள்ளைகள் இலவசப் பாடசாலையில் படித்தார்கள், நோயாளிகள் இலவச ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிற்காலத்தில் உலக வங்கிக் காசில் வீட்டுத் திட்டம் வந்தது. இவ்வளவையும் ஒரு பந்தியில் துடைத்துவிட்டு எஞ்சுவதைத்தான் அவர் தன்னம்பிக்கை என்கிறார்.

அது இனிப்பான கதையாகவும் இருக்கவில்லை. மாவட்டத்தின் சனத்தொகை திடீரென்று ஏறியதும் கிணற்றில் தண்ணீருக்கும், வகுப்பறையில் வாங்குக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நெருக்கடி வந்தது. அகதியாக வந்தவன் குறைந்த கூலிக்கு வெங்காயத் தோட்டத்தில் இறங்கினான், ஏனென்றால் அன்றிரவு அடுப்பு எரிய வேண்டும். உள்ளூர்க் கூலியின் சம்பளமும் அதோடு சேர்ந்து இறங்கியது. மனக்கசப்பு வந்தது, 'அகதி' என்ற பெயர் வசையாயிற்று. கொடுத்தவர்களும் ஏழைகள், தாங்கள் இழப்பது என்ன என்று தெரிந்தே கொடுத்தார்கள், கொடுத்துவிட்டு முணுமுணுத்தார்கள். வந்தவர்களில் எழுந்து நின்றவர்களை எண்ணுகிற கட்டுரையாளர், முப்பது வருடம் கழிந்தும் ஓலைக் கொட்டிலில், தகரக் கூரைக்குக் கீழ் இருந்தவர்களை எண்ணவில்லை. அவர்களும் அதே அளவுக்குச் சிக்கனமாகத்தான் இருந்தார்கள், அதைவிட அதிகமாகவும்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது எதிர்த் தரப்பின் உரிமை. 1990இல் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய ஒருவரை, இன்று பேரப்பிள்ளைகள் கண்ட ஒருவரை, அவர் மேடைக்குக் கூப்பிட்டுக் கேட்கட்டும். வந்த முதல் நாள் எந்தச் சில்லறைச் செலவைக் குறைத்தீர்கள் என்று கேட்க வேண்டாம். முதல் மாதம் எவருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள், எவருடைய காணியில் படுத்தீர்கள், முதல் கடையைப் போட எவர் கைமாற்றுத் தந்தார் என்று கேட்கட்டும். பதிலை அடுத்த கட்டுரையில் போடட்டும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்றாலும் கொடுத்து வாங்கி வாசிக்கிறேன்.